உப்புத்தாள் விட்டுப்போன மூட்டம்: கார் கிளியர் கோட்டைத் திரும்பப் பளபளப்பாக்கும் முறை

போர்வெல் தண்ணீர்க் கறை போகவில்லை என்றோ, புதிதாக அடித்த பெயிண்டில் தூசிப் பொரி நிற்கிறது என்றோ பானெட்டில் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டாயிற்று. கறை போனது, பொரியும் போனது. தேய்த்த இடம் மட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துக் காய்ந்தது போல வெளுத்து நிற்கிறது. பட்டறையில் கேட்டால் “பஃப் போட்டா சரியாயிரும் அண்ணாச்சி” என்பார்கள். போட்டதும் சரியானது போலத்தான் இருக்கும். நாலு தடவை கழுவிய பிறகு மதிய வெயிலில் நிறுத்திப் பார்த்தால் மூட்டம் பழையபடி அங்கேயே கிடக்கும்.

காரணம் எளிது. மூட்டத்தின் முக்கால் பங்கு தாளிலேயே போயாக வேண்டும். மிச்சக் கால் பங்குக்குத்தான் மெஷின். தாளில் பண்ண வேண்டியதை மெஷினில் பண்ணப் போகிறவர்கள்தான் கிளியரைச் சுட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் எண்ணெயை வைத்து மூடிவிடுகிறார்கள்.

மூட்டம் எங்கிருந்து வருகிறது

கிளியர் கோட் என்பது கலருக்கு மேல் நிறமில்லாத ஒரு தோல். அது சமமாக இருக்கிறவரை வெளிச்சம் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பும். தாள் போட்டதும் அதில் சன்னக் கோடுகள் கணக்கில்லாமல் விழுகின்றன. ஒவ்வொரு கோட்டின் ஓரமும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் சிதறடிப்பதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் விட்டால் கோடுகள் நிரம்பி மூட்டம் மறையும், காய்ந்தால் வந்துவிடும். மெழுகும், மண்ணெண்ணெய் கலந்து தேய்க்கும் காம்பவுண்டும் (சன்னத் துகள் கலந்த தேய்க்கும் பசை) செய்வது இதே வேலையைத்தான். தண்ணீரைவிடக் கொஞ்ச நாள் கூடத் தாங்கும்.

நம்பர் ஏற ஏறத் தாள் சன்னம். பி வரிசைத் தாளில் (ஐரோப்பியக் கணக்கு) 1500 நம்பரின் துகள் சுமார் 12.6 மைக்ரான், 2000 நம்பரில் சுமார் 10.3, 2500 நம்பரில் சுமார் 8.4. (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) தாளின் முதுகில் நம்பருக்கு முன்னால் ‘பி’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி’ இல்லாத தாள்கள் வேறு கணக்கில் வருகின்றன. அமெரிக்கக் கணக்கில் 1000 என்று போட்டிருக்கும் தாள் பி 2000-க்குப் பக்கத்தில் நிற்கும். ஒரே வேலைக்கு இரண்டு வரிசைத் தாளைக் கலந்தால் நம்பர் ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியாமல் போகும். ஒரு வேலை முடியும்வரை ஒரே கம்பெனித் தாள் வைத்துக்கொள்வது நல்லது.

மெஷினில் பாலிஷ் போடுவது என்றால் கோடுகளை நிரப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிற கோடுகளிலேயே எது ஆழமோ, அதன் அடி மட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் முழுவதையும் சீவி இறக்குவதுதான் நடக்கிறது. அதனால் 2000 போட்ட இடத்தில் 1500-இன் கோடு ஒன்றே ஒன்று மிஞ்சினாலும், நீங்கள் 1500-க்குத்தான் பாலிஷ் போட்டாக வேண்டும்.

எவ்வளவு கிளியர் இருக்கிறது

கம்பெனிப் பெயிண்டில் கிளியர் மட்டும் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். பிரைமர், கலர் எல்லாம் சேர்த்து 100 முதல் 140 மைக்ரான் வரும். தாளும் பாலிஷும் சேர்ந்த ஒரு முழு வேலை 5 முதல் 10 மைக்ரானைக் கொண்டுபோய்விடலாம். வெயிலைத் தடுக்கிற பொருள் கிளியரில்தான் கலந்திருக்கிறது. மெலிந்த கிளியர் நம்ம ஊர் வெயிலில் கூரையிலும் பானெட்டிலும் முதலில் வெளுத்து, பிறகு தோலாக உரியும். ஒரு காரின் ஒரே இடத்தில் ஆயுளுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் தாள் போடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டர் கிடைத்தால் வேலைக்கு முன்னால் ஒரு பேனலில் ஆறேழு இடத்தில் வைத்துப் பாருங்கள். 90-க்குக் கீழே காட்டினால் அந்தப் பேனலில் தாளே வேண்டாம். 200-க்கு மேல் காட்டினால் ஏற்கெனவே மறுபெயிண்ட் ஆகியிருக்கிறது. 500, 1000 என்று போனால் அடியில் பட்டி இருக்கிறது. மீட்டர் காட்டுவது மொத்தக் கனம், கிளியரின் கனத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலையே செய்யாது.

மீட்டர் இல்லாதவர்களுக்குத் தேய்க்கும்போது வழியும் தண்ணீர்தான் சாட்சி. பால் மாதிரி வெள்ளையாக வந்தால் கிளியர் போகிறது. காரின் கலர் அதில் தெரிந்தால் கிளியர் முடிந்து கலருக்குள் இறங்கிவிட்டீர்கள். உடனே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் எந்த பாலிஷும் காப்பாற்றாது, மறுபெயிண்ட்தான். சில பழைய கார்களில் கிளியரே இருக்காது. கலரே மேல் தோல். அவற்றில் முதல் தேய்ப்பிலேயே தண்ணீர் கலராக வரும். அதனால் வெளியே தெரியாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்துப் பார்த்து, இது எந்த ரகம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீர், காற்று, வெயில்

பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுக்கு வீடு போர்வெல். அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விடும். அது தாள் மூட்டமா, உப்பா என்று பிரித்துப் பார்ப்பதே தனி வேலையாகிவிடும். தாள் ஊறவைக்கவும் கடைசியாகக் கழுவவும் மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் போதும். அது கிடைக்காத இடத்தில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். அதில் உப்பு கிடையாது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை எடுக்காதீர்கள். குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

காற்று இன்னும் மோசம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர் பக்கம் புழுதியை வாரி இறைக்கும். திசையன்விளை, உவரிக் கரையோர மணலில் கார்னெட் இருக்கிறது. உப்புத்தாள் செய்யவும் பயன்படுகிற கல் அது! ஒரு மணல் துகள் பேடுக்கு அடியில் சிக்கினால் நீங்கள் 2000-இல் கவனமாகப் போட்ட வேலைக்கு நடுவில் 200 நம்பர் கோடு விழும். திறந்தவெளியில் செய்வதை அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். கொட்டகைதான் என்றால் காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். வேப்பமர நிழல் குளுமைதான். பூவும் பிசினும் குருவி எச்சமும் கூடவே வரும்.

வெயிலில் நின்ற கருப்பு பானெட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் காம்பவுண்ட் போட்ட நிமிடத்திலேயே காய்ந்து பொடியாகும். வெள்ளென ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். பேனல் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

வாங்கி வைக்க வேண்டியவை

வாட்டர் பேப்பர் 1500, 2000, 2500, 3000. ஒவ்வொன்றிலும் இரண்டு தாள் ஒரு பானெட்டுக்குத் தாராளம். 3000-க்கு மேல் போக ஃபோம் அடி ஒட்டிய வட்டத் தாள்கள் வருகின்றன. 3எம் கம்பெனியின் ட்ரைஸாக்ட் 3000, 5000 பல பட்டறைகளில் புழங்குவது. விலை சாதாரணத் தாளைவிடக் கூடுதல்தான். ஆனால் எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

தாளுக்கு அடியில் வைக்க மிருதுவான ரப்பர் பிளாக். ஹவாய்ச் செருப்பின் அடியை நேராக வெட்டிக்கொண்டாலும் வேலை நடக்கும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகி, பிறகு டியூப்லைட் பிரதிபலிப்பு அலை அலையாக நெளியும்.

மெஷின் விஷயத்தில் புதியவர்களுக்கு டிஏ (டூயல் ஆக்‌ஷன்) மெஷின்தான். அது சுற்றிக்கொண்டே ஆடுவதால் ஒரே இடத்தில் சூடு சேராது. ஆடாமல் சுற்ற மட்டும் செய்யும் ரோட்டரி மெஷின் வேகமாகச் சீவும். ஓரத்தில் மூன்று நொடி நின்றால் கிளியர் போய்விடும். இங்கேதான் தாளின் கணக்கு வருகிறது: 1500-இல் நிறுத்தினால் ரோட்டரியும் கம்பளி பேடும் இல்லாமல் முடியாது, 2000-இல் நிறுத்தினால் டிஏ-வில் நெடுநேரம் மாரடிக்க வேண்டும், 3000 வரை ஏறிவிட்டால் சாதாரண டிஏ-வே சுகமாக முடித்துக் கொடுக்கும்.

இவை போக: 5 அங்குல பேடுகளில் வெட்டும் பேட் 3 (மைக்ரோஃபைபர் அல்லது கெட்டி ஃபோம்), மிருதுவான ஃபோம் பேட் 2, வெட்டும் காம்பவுண்ட், சன்ன பாலிஷ், கூர்மையான வெளிச்சம் தரும் எல்இடி டார்ச், மாஸ்கிங் டேப், பேட் தேய்க்க நைலான் பிரஷ், நல்ல மைக்ரோஃபைபர் துணி எட்டுப் பத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்த தெளிப்பு பாட்டில். ஈரத்தில் நின்று கரண்டு மெஷின் பிடிக்கக் கூடாது. தாள் வேலை முடிந்து தரை காய்ந்த பிறகே மெஷினை வெளியே எடுங்கள்.

தாள் வேலை

புதிதாக அடித்த 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் ரகம்) என்றால் முதலில் காய்ந்திருக்க வேண்டும். நம்ம ஊர்ச் சூட்டில் குறைந்தது 24 மணி நேரம், கனமாக அடித்திருந்தால் 2, 3 நாள். நகத்தை அழுத்தினால் தடம் விழக் கூடாது. தாளில் பிசுபிசுப்பாக உருண்டை ஒட்டினால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

காரைக் கழுவித் துடைத்த பிறகு பேனல் ஓரம், உடம்புக்கோடு (பாடியில் புடைத்து ஓடும் கோடு), பானெட் மடிப்பு எல்லாவற்றிலும் டேப் ஒட்டுங்கள். முனைகளில் பெயிண்ட் எப்போதுமே மெலிசு. முக்கால்வாசி விபத்து அங்கேதான். தாளைக் கால் தாளாக வெட்டி, லிட்டருக்கு இரண்டு சொட்டு கார் ஷாம்பு விட்ட தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். கழுவ ஒரு வாளி, தாளை அலச வேறொரு வாளி.

ஒன்றரை அடிச் சதுரமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1500-ஐ ஒரே திசையில் நேர்க்கோடாக ஓட்டுங்கள். வட்டம் போடக் கூடாது. அழுத்தம் வேண்டாம், கையின் எடை போதும். பத்து இழுப்புக்கு ஒருமுறை தாளை அலசி, ரப்பர் வைப்பரால் தண்ணீரை வழித்துப் பாருங்கள். பளபளவென்று மின்னும் சிறு குழிகள் தெரிந்தால் ஆரஞ்சு பீல் (ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம்) இன்னும் மிச்சம். எல்லாக் குழியும் மறைய வேண்டும் என்று அடம்பிடித்தால் கிளியர்தான் குறையும். கம்பெனிப் பெயிண்டில் பாதியோடு விடுவது புத்திசாலித்தனம். வெறும் தூசிப் பொரி, தண்ணீர்க் கறை என்றால் 1500 வேண்டவே வேண்டாம், 2000-இலேயே தொடங்கலாம்.

அடுத்து 2000. இதை முந்தைய திசைக்குக் குறுக்காக ஓட்டுங்கள். பத்தமடைப் பாயில் நூலும் கோரையும் எதிரெதிராகப் போவது போல, பழைய கோடும் புதுக் கோடும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். பழைய திசைக் கோடு ஒன்றுகூட இல்லை என்று ஆனபிறகுதான் 2500-க்குப் போக வேண்டும். அதை மறுபடி திசை மாற்றி, 3000-ஐ இன்னொரு முறை திசை மாற்றி. ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் பேனலையும் பிளாக்கையும் கையையும் கழுவுங்கள். வாளித் தண்ணீரை மாற்றுங்கள். 1500-இன் ஒரு துகள் 3000 தாளுக்கு அடியில் மாட்டினால் சுருட்டைச் சுருட்டையாகக் கீறல் விழும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி காம்பவுண்ட் காலியாகியிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஈரத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். துடைத்து, ஆல்கஹால் தெளித்துத் துடைத்து, காய்ந்த பேனலில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். 3000 முடிந்ததும் மூட்டம் ஒரே சீராக, பட்டுத் துணி போல மெல்லிய மினுமினுப்போடு இருக்க வேண்டும். டியூப்லைட்டின் உருவம் மங்கலாகவாவது தெரிய ஆரம்பிக்கும். அப்படித் தெரியவில்லை என்றால் மெஷினைத் தொடாதீர்கள், ஒரு நம்பர் கீழே இறங்கி மறுபடி வாருங்கள். 5000 தாள் இருந்தால் அதையும் போடுங்கள்.

மெஷின் வேலை

பானெட் முழுவதற்கும் ஒரே மூச்சில் பாயாமல் ஒரு சதுரத்தில் மட்டும் சோதனை போடுங்கள். புது பேடில் முதலில் காம்பவுண்டை விரலால் மெல்லியதாகப் பூசி, முகம் முழுக்க ஈரமாக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த பேட் தானே கீறும். அதற்குமேல் கொண்டைக்கடலை அளவில் நாலைந்து பொட்டு. மெஷினை அணைத்த நிலையிலேயே பேனலில் ஒத்தி, மெதுவேகத்தில் பரப்பி, பிறகு மெஷினின் வேகத் திருகை 6-இல் 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள்.

கை நகரும் வேகம் நொடிக்கு ஓர் அங்குலம். புதியவர்கள் எல்லாரும் இதைவிட மூன்று மடங்கு வேகமாக ஓட்டுகிறார்கள். அதில் காம்பவுண்ட் வெட்டாது, வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மிதிக்க வேண்டும். நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று என்று ஆறு சுற்று. பேட் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். டிஏ-வின் தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் பேட் சுற்றுகிறதா, அழுத்தத்தில் நின்று வெறுமனே அதிர்கிறதா என்று தெரியும். சுற்றாத பேட் வெட்டாது.

ரோட்டரி பிடிப்பவர்கள் 600-இல் பரப்பி, 1200 முதல் 1500 ஆர்பிஎம்-இல் வேலை செய்து, 1800-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். வயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள்; தரையில் இழுபடும் வயர் பேனலைக் கீறும்.

ஒரு சுற்று முடிந்ததும் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் ஆறவிட வேண்டும். சூடு காட்டும் கன் இருந்தால் 50 டிகிரியில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது; அங்கே பாதி நேரத்திலேயே நிறுத்திப் பாருங்கள்.

காம்பவுண்ட் காய்ந்து பொடியானால் மேலும் மேலும் காம்பவுண்ட் வைக்காதீர்கள். பேடில் ஒரே ஒரு தெளிப்புத் தண்ணீர் போதும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சீவிய கிளியரும் செத்த காம்பவுண்டும் பேடில் சேர்ந்து கெட்டியானால் அதுவே புது மூட்டத்தைப் போட்டுவிடும். ஒரு பானெட்டுக்கு மூன்று வெட்டும் பேட் கேட்டது இதற்காகத்தான்.

இப்போது ஆல்கஹால் தெளித்துத் துடைத்து டார்ச் அடியுங்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் போன பிறகும் தெளிவாக இருந்தால் முறை சரி; அப்படியே மற்ற சதுரங்களுக்குப் போகலாம். புதுப் பெயிண்டில் ஆல்கஹாலை ஊறவிடாமல் உடனே துடைக்க வேண்டும். பிறகு மிருதுவான பேடில் சன்ன பாலிஷ், மெஷின் வேகம் 3 அல்லது 4, அழுத்தமே இல்லாமல் நாலு சுற்று. ஓரங்களில் டேப்பை எடுத்துவிட்டுக் கையாலேயே பாலிஷ் போடுங்கள்.

இன்னும் மூட்டம் தெரிந்தால்

எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தால் தாள் கோடு மிச்சம் இருக்கிறது. காம்பவுண்டால் இன்னொரு முறை பாருங்கள். நேர்க்கோடுகள் தனித்து நின்றால் 3000-க்குத் திரும்புவதுதான் குறுக்கு வழி. கார் நகர நகர வெளிச்சம் பட்டைப் பட்டையாகக் கூடவே நகர்ந்தால் அது ஹோலோகிராம். ரோட்டரியும் கம்பளியும் போட்டது. டிஏ-வும் மிருதுவான பேடும் எடுத்துவிடும். கொட்டகையில் இது தெரியாது, வெயிலில்தான் தெரியும். கருப்புக் காரில் பாலிஷுக்குப் பிறகு குட்டிக் குட்டிக் கீற்றுகளாகப் புகை மாதிரி தெரிந்தால் பேட் கெட்டி, பெயிண்ட் மெது; பேடை மாற்றுங்கள், காம்பவுண்டை மாற்ற வேண்டாம்.

எவ்வளவு தேய்த்தாலும் பால் போன்ற வெளுப்பு இம்மி குறையவில்லை என்றால் நிறுத்துங்கள். சாரல் காலத்தில் தென்காசி, செங்கோட்டை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் லாக்கர் (தின்னர் ஆவியாகிக் காயும் ரகப் பெயிண்ட்) அடிக்கும்போது ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு இப்படி வெளுக்கும். அது கிளியருக்குள் இருக்கிறது, மேலே இல்லை.

பளபளப்பாக வந்து ஒரு வாரம் பத்து நாளில் மங்கினால் இரண்டில் ஒன்று: எண்ணெய் நிரப்பிய வேலை, அல்லது தின்னர் முழுக்க வெளியேறாத கிளியர். பின்னதற்கு மூன்று நான்கு வாரம் வெயிலில் ஓட விட்டு, சன்ன பாலிஷ் மட்டும் திரும்பப் போட்டால் நின்றுவிடும். மறுபெயிண்ட் ஆன பேனலில் குறைந்தது 30 நாளுக்கு மெழுகு, செராமிக் பூச்சு எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வழி வேண்டும்.

பேடுகளைக் காம்பவுண்ட் காய்வதற்கு முன்பே ஷாம்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ஃபோமின் பசை விட்டுவிடும். காய்ந்ததும் ஜிப் கவரில் போட்டு மூடி வையுங்கள். வெட்டும் பேட் ஒரு கவர், பாலிஷ் பேட் வேறொரு கவர்.